‘ஸ்டாண்ட்’: தோப்பா, பொழிலா?

அனைவருக்கும் யோயென்சு நகரிலிருந்து வணக்கம். ஃபின்லாந்தின் பைன் காடுகள் எப்படி வளரும் என்று கணக்கு மாதிரிகளால் முன்கூட்டியே சொல்வது பற்றி, ‘வளர்ச்சியும் மேம்பாடும்’ என்ற தலைப்பில் ஓர் இதழுக்கு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இரண்டாம் பத்தியிலேயே ‘ஸ்டாண்ட்’ என்ற ஆங்கில வனவியல் சொல் வழிமறிக்கிறது, தமிழில் என்ன சொல்வது? வயது, இனம், அடர்த்தி மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோல உள்ள மரங்கள் நிற்கும் துண்டுக் காடு அது. மாதிரிகள் பலவும் இந்தத் துண்டையே அலகாகக் கொள்கின்றன: அதன் வயது, எக்டேருக்கு எத்தனை மரம், ஓங்கிய மரங்களின் உயரம், 1.3 மீட்டர் உயரத்தில் எல்லா அடிமரங்களின் வெட்டுமுகப் பரப்பையும் கூட்டினால் எவ்வளவு. ‘காடு’ என்றால் முழுக் காட்டோடு குழம்புகிறது. ‘மரத்தொகுதி’ என்று போட்டுப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை.
– யோயென்சு

தம்பி, பொழில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? ‘வண்புகழ் மூவர் தண்பொழில் வரைப்பின்’ என்னும் தொல்காப்பிய அடியில் பொழில் மரமல்ல, நிலம். பக்கத்திலேயே ‘வரைப்பு’, அதாவது எல்லை. கரிசல் பக்கம் வயல் வரப்பைப் ‘பொழி’ என்பார்கள், அதையும் சேர்த்துப் பாருங்கள். மரமும் வரம்புள்ள நிலமும் ஒரே சொல்லுக்குள். ஆங்கிலத்தில் இந்த அழகு உண்டா?
– திருச்சி

ஐயா, பொழில் என்றதும் வண்டும் குயிலும் தலைவியும்தான் வருகிறார்கள். அதற்குள் மரம் அறுக்கிற இயந்திரத்தை எப்படி ஓட்டுவது? தோப்பு போதும். ஏக்கருக்கு எழுபது தென்னை என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அடர்த்தியைத் தனியாக விளக்க வேண்டாம். இன்னொன்று, நெருக்கமான மரங்களில் சிலவற்றை வெட்டி விலக்குவதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. பயிர் கலைப்பது என்கிறோமே, அதுவேதான்.
– பொள்ளாச்சி

‘கலைத்தல்’ அருமை, எடுத்துக்கொண்டேன். வெட்டாமல் விட்டாலும் நெரிசலில் மரங்கள் தாமாகவே செத்துக் குறையும், அதைத் ‘தற்கலைவு’ எனலாமா? இடமே இல்லாமல் நிரம்பிவிட்ட துண்டில் சராசரி விட்டம் இரட்டித்தால் மர எண்ணிக்கை ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும் என்று வனவியலாளர் ரெய்னிக்கி 1933இல் காட்டியது இதைத்தான். ஆனால் தோப்பு என்றால் யாரோ நட்டது. இங்கே விதை விழுந்து தானாக முளைத்தவையும் நிறைய. ஃபின்னியர் ‘மெட்சா’ என்ற காட்டோடு ஒரு விகுதி சேர்த்து ‘மெட்சிக்கோ’ என்கிறார்கள். மரப்பெயரோடும் அதே விகுதி ஒட்டும், பிர்ச் மரம் ‘கொய்வு’, அதன் துண்டு ‘கொய்விக்கோ’. பொறாமையாக இருக்கிறது.
– யோயென்சு

பொறாமை எதற்கு? ‘புளிமரக் கிளவிக்கு அம்மே சாரியை’ என்கிறது தொல்காப்பியம், மரப்பெயருக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ‘அம்’ வரும்! புளியந்தோப்பு, தென்னந்தோப்பு, ஆலங்காடு. பைனுக்கும் அப்படியே பைனங்காடு. அதைவிட, பசுமை ‘பை’ ஆகும், பைன் என்றும் பசுமை மாறாதது, ஆக பைன் ஸ்டாண்ட் என்பது பைம்பொழில். செங்கோட்டைக்குப் பக்கத்தில் ஊரே இருக்கிறது.
– திருச்சி

ஊர்க்காரர்கள் அதைப் பண்பொழி ஆக்கி எத்தனையோ காலமாகிறது ஐயா.
– பொள்ளாச்சி

நான் வேலை பார்த்த காலத்தில் வெட்டுக்கு விட்ட துண்டைக் ‘கூப்பு’ என்போம். ‘குவிப்பு’ திரிந்து வந்த நல்ல தமிழ் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பிரெஞ்சுக்காரன் வெட்டுவதைச் சொல்லும் ‘கூப்’ என்று பிறகுதான் தெரிந்தது. வெட்டப்போகும் காட்டுக்குத்தான் அது பொருந்தும், நிற்கிற காட்டுக்கு ஆகாது.
– உதகை

தலைப்பில் ‘வளர்ச்சியும் மேம்பாடும்’ என்று போட்டிருக்கிறீர்கள். மரம் எப்படி மேம்படும்? எங்கட பாடப்புத்தகத்தில ‘வளர்ச்சியும் விருத்தியும்’. உயரமும் பருமனும் கூடினால் வளர்ச்சி, மரக்கூட்டத்தின் அமைப்பே மாறிக்கொண்டு போனால் விருத்தி.
– யாழ்ப்பாணம்

விருத்தி வடசொல்.
– திருச்சி

பரீட்சையில் பிள்ளைகள் எழுதுகிற சொல், ஐயா.
– யாழ்ப்பாணம்

எல்லாருக்கும் நன்றி. பொள்ளாச்சி சொன்ன தோப்பையே எடுத்துக்கொண்டேன், அரைமனதாகத்தான். ‘இயற்கையாக முளைத்ததும் இதில் அடங்கும்’ என்று ஒரு வரி சேர்த்து, வளர்ச்சியும் விருத்தியும் என்று தலைப்பை மாற்றி, நேற்றிரவே அனுப்பிவிட்டேன்.
– யோயென்சு

என் மறுப்பைக் குறித்துக்கொள்ளவும். அப்புறம், ‘தோப்பு அடர்த்தி’ என்று பிரித்து எழுதினீர்களா, ‘தோப்படர்த்தி’ என்றா? பொழிலடர்த்தி என்றால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.
– திருச்சி