டேட்டாபேஸில் இருக்கிற ரூட் ரவுட்டிங் டேபிளில் ஏறவில்லை, ஏன்?

நண்பர்களே, சிஸ்கோ ஐஓஎஸ் (சிஸ்கோ ரவுட்டர்களில் ஓடும் மென்பொருள்) லேபில் ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் வழிகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் புரோட்டோகால்) பற்றி ஒரு சந்தேகம். ஆர்1, ஆர்2, ஆர்3 என்ற மூன்று ரவுட்டர்களும் ஏரியா 0-வில் (ஓஎஸ்பிஎஃப்பின் மையப் பகுதி) வரிசையாக இருக்கின்றன. ஆர்3, 192.168.50.0/24 என்ற ஸ்டாடிக் ரூட்டை (கையால் எழுதிய வழி) ஓஎஸ்பிஎஃப்புக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்கிறது. ஆர்1-இன் டேட்டாபேஸில் அதற்கான டைப் 5 எல்எஸ்ஏ (வெளியிலிருந்து வந்த ரூட்டை அறிவிக்கும் செய்தி) அழகாக வந்து நிற்கிறது. அதில் ஃபார்வர்டிங் அட்ரஸ் (பாக்கெட்டை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது) 10.1.34.4. ஆனால் ரவுட்டிங் டேபிளில் அந்த ரூட் இல்லை. நெய்பர்கள் எல்லாம் ஃபுல் ஸ்டேட்டில்தான் (டேட்டாபேஸ் முழுதும் ஒத்துப்போன நிலை) இருக்கிறார்கள்.

டேட்டாபேஸ் என்பது வரைபடம் மட்டுமே, அதன் மேல் எஸ்பிஎஃப் (குறைந்த செலவு வழியைக் கண்டுபிடிக்கும் கணக்கு) ஓடி, பிறகு அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (ரூட் வந்த மூலத்தின் நம்பகத்தன்மை எண், குறைவானதே ஜெயிக்கும்) போட்டியில் ஜெயித்தால்தான் டேபிளில் இடம் என்பது வரை புரிகிறது. ஆர்1-இல் 10.1.34.0/24-க்கு ஒரு ஸ்டாடிக் ரூட் கிடந்தது. அதன் டிஸ்டன்ஸ் 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. அதை எடுத்ததும் 192.168.50.0 உடனே வந்துவிட்டது!

ஃபார்வர்டிங் அட்ரஸுக்கு இன்ட்ரா ஏரியா (அதே ஏரியாவுக்குள்) அல்லது இன்டர் ஏரியா (வேறு ஏரியாவுக்கு) வழி வேண்டும் என்று ஓஎஸ்பிஎஃப்பின் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 2328 சொல்கிறது. சரி, எஸ்பிஎஃப் கணக்கில் அந்த வழி இருந்துகொண்டேதானே இருந்தது? அப்படியானால் ரவுட்டர் தன் ஓஎஸ்பிஎஃப் கணக்கைப் பார்க்காமல் பொது டேபிளைப் பார்ப்பது ஏன்? லூப்பைத் தவிர்க்கவா? ஜூனிப்பர் ரவுட்டரில் பார்த்தவர்கள் இருந்தால் அங்கே எப்படி என்றும் சொல்லுங்கள்.