லேசரில் பல் வெளுத்தபிறகு முன்பல் கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) மட்டும் மஞ்சளாக நிற்கிறது

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 34. தங்கச்சி கல்யாணம் வருகிறதே என்று புதுச்சேரியில் ஒரு கிளினிக்கில் லேசர் முறையில் பல்லை வெளுத்துக்கொண்டேன். இன்றோடு 18 நாள். 35 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல், 15 நிமிஷம் வீதம் மூன்று தடவை.

மற்ற பற்கள் நன்றாகவே வெளுத்துவிட்டன. மேல்வரிசை முன்பல்லில் 7 வருஷத்துக்கு முன் போட்ட செராமிக் கேப் மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கிறது. வெயிலில் நின்று கண்ணாடி பார்த்தால் தேங்காய்ப் பத்தைக்கு நடுவே ஒரு சோள மணி வைத்த மாதிரி. ஜெல் சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், கேப்பையோ அடைத்த இடத்தையோ மாற்றாது என்று பிறகுதான் தெரிந்தது. உட்காரவைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கூச்சம் மூன்று நாள் உயிரை எடுத்தது. பச்சைத் தண்ணீர் பட்டாலே சுரீர் என்றது. பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டில் அடங்கிவிட்டது.

கடலூரில் வேறொரு டாக்டரிடம் கேப்பை பாலிஷ் செய்து பார்த்தேன். மேல்கறை போனது, நிறம் மாறவில்லை. வெளுத்த இடத்தில் இன்னொரு சிட்டிங் வரச் சொல்கிறார்கள். அதில் வித்தியாசம் கூடத்தானே செய்யும்? புது கேப் போடலாம் என்றால், சொந்தப் பல் நாளாக ஆக மங்கும் என்கிறார்கள்.

கல்யாணத்துக்கு 5 வாரம் இருக்கிறது. இதே நிலையில் கேப் மாற்றியவர்கள் சொல்லுங்கள்: வெளுத்து எத்தனை நாள் கழித்துப் புது கேப்புக்கு நிறம் பார்த்தீர்கள்?