காந்தாரம் இல்லாத கிட்டார்: சுருதி மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வீணைவீட்டான்:
பன்னிரண்டு ஆண்டுகளாக எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை வழக்கமான இ-ஏ-டி-ஜி-பி-இ சுருதியைத் தாண்டியதில்லை. போன மாதம் துணிந்து ஆறாம் தந்தியையும் முதல் தந்தியையும் டி-க்கு இறக்கினேன், இரண்டாவதை ஏ-க்கு. டி-ஏ-டி-ஜி-ஏ-டி. 1960களில் பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் பரப்பிய சுருதி. விரல் வைக்காமல் ஒரு முறை மீட்டியதுதான் தாமதம், அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல்: "ஸ ப ஸ ம ப ஸ... காந்தாரத்தை எங்கேடா தொலைத்தாய்?" அம்மா வீணை வாசிப்பவர். காந்தாரம் என்றால் 'க' ஸ்வரம்.

தொலைத்ததில்தான் சுகமே இருக்கிறது. எந்தக் காந்தாரம் என்பதை விரல் முடிவு செய்வதால், வெவ்வேறு காந்தாரம் கொண்ட சங்கராபரணம், கரகரப்பிரியா ராகங்கள் இரண்டுக்குமே இதே சுருதி இடம் கொடுக்கிறது. இரண்டு அரைச்சுருதி (இரண்டு மெட்டு அளவு) இறக்கினால் தந்தியின் விறைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். கமகத்துக்கு இழுக்க இதம்.

தலைவலி கொடுத்தது பிரிட்ஜ், அதாவது கிட்டார் உடலில் தந்திகளைத் தாங்கும் பாகம். ஸ்பிரிங்கில் மிதக்கும் வகை. ஆறாவதை இறக்கினால் மற்றவை ஏறிக்கொள்கின்றன. அவற்றை இறக்கினால் ஆறாவது ஏறுகிறது. முக்கால் மணி நேரம் இந்தக் கூத்து. கடைசியில் பின்மூடியைக் கழற்றி, பிரிட்ஜ் அசையாதபடி மரத்துண்டு வைத்து அடைத்துவிட்டேன்.

அரைச்சுருதி:
நான் விரும்பி மாற்றவில்லை. மேடையேறப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆறாம் தந்தி அறுந்தது. கையில் மாற்றுத் தந்தி இல்லை; என் சோம்பல்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட் கீத் ரிச்சர்ட்ஸ் ஆறாவதைக் கழற்றி எறிந்துவிட்டு ஐந்து தந்தியில் ஓபன் ஜி (விரல் வைக்காமலே ஜி மேஜர் ஒலிக்கும் சுருதி) வாசிப்பது நினைவுக்கு வந்தது. ஐந்தாவதை ஜி-க்கும் முதலாவதை டி-க்கும் இறக்கினேன். நடுவில் உள்ள மூன்றைத் தொடவே வேண்டியதில்லை. ஐந்தாம் ஃப்ரெட்டில் (மெட்டில்) ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் சி மேஜர், ஏழில் டி மேஜர். மூன்று பாட்டு ஜாலியாக ஓடியது. நான்காவது பாட்டு மைனர்; இந்தச் சுருதியில் ஒரே விரலைப் படுக்க வைத்தால் மேஜர்தான் வரும். டிரம்மர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

முரட்டுத்தந்தி:
ஆறாவதை சி வரை இறக்க நினைப்பவர்கள் 9-42 செட்டில் (எண்கள் மெல்லிய, தடித்த தந்திகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) முயல வேண்டாம். தந்தி கொடிக்கயிறு போலத் தொங்கும். நான் 11-54 மாட்டினேன். தடித்த தந்தி நட் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) பள்ளத்தில் உட்காரவில்லை. கடையில் கொடுத்தேன், பள்ளத்தை அளவுக்கு மீறி அராவிக் கொடுத்தார்கள். விரல் வைக்காமல் மீட்டினால் வண்டு ரீங்காரம். பிறகு நானே பள்ளத்தில் சமையல் சோடாவைச் சிட்டிகை போட்டு, சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டேன். நொடியில் கல்லாக இறுகியது. மெல்ல அராவிச் சரிசெய்தேன்.

வீணைவீட்டான்:
அரைச்சுருதி அண்ணா, உங்கள் கதையை அம்மாவிடம் சொன்னேன். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் இரண்டாம் தந்தி அந்தர காந்தாரமாம். அதை மட்டும் ஓர் அரைச்சுருதி இறக்கினால் சாதாரண காந்தாரம். மொத்தச் சுருதியும் மைனர் ஆகிவிடும் என்கிறார்.

அரைச்சுருதி:
தம்பி, அடுத்த கச்சேரிக்கு அம்மாவையும் அழைத்து வாருங்கள்.