உங்கள் வீடியோவை எங்கே வைத்திருக்கிறீர்கள்? பெரிய தளத்தை விட்டு வந்தவர்கள் சொல்லுங்கள்

தேக்கா ஞாயிறு

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு மாலை, சிங்கப்பூர் தேக்காவில் ரேஸ் கோர்ஸ் ரோடு பக்கம் புல்வெளியில் ஐந்து தம்பிகளோடு உட்கார்ந்து 14 நிமிட வீடியோ எடுத்தேன். எல்லாருக்கும் கட்டுமான வேலை. மழை நாளில் லாரியின் பின்னால் உட்கார்ந்து துவாஸுக்கு வேலைக்குப் போவது எப்படி இருக்கும் என்று பேசினார்கள். மேலே கூரை உண்டு, பக்கவாட்டில்தான் சாரல் அடிக்கும். அதனால் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க முறை வைத்திருக்கிறார்கள். பிடிக்கிறவருக்கு ஒரு தோள் முழுக்க நனைந்துவிடும், மற்றவர்கள் அரை மணி நேரம் தூங்கலாம். இதைச் சொன்ன தம்பி அந்த முறையைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

அப்போது பக்கத்துக் கடையில் ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவில் அது 40 வினாடி கேட்கும். ஏற்றிய அன்று இரவே காப்புரிமை என்று சொல்லி, நான் இருந்த பெரிய தளம் அந்த இடத்தில் சத்தத்தை எடுத்துவிட்டது. தார்ப்பாய்க் கதை முழுக்க அந்த 40 வினாடிக்குள்தான் இருந்தது. முறையிட்டேன். எத்தனை முறை எழுதினாலும் வார்த்தை மாறாமல் அதே பதில். இரண்டு மாதத்தில் இன்னும் இரண்டு வீடியோவுக்கு இதே நிலை வந்தது, அப்புறம் சேனலையே மூடிவிட்டார்கள். 31 வீடியோ போயிற்று. அதில் ஒன்பதுக்கு மூலக் கோப்பு என்னிடம் இல்லை. தளத்தில்தான் இருக்கிறதே என்று போனிலிருந்து அழித்திருந்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

நல்லவேளை, லாரி வீடியோவின் மூலக் கோப்பு இருந்தது. சொந்தமாக வீடியோத் தளம் நடத்த உதவும் பியர்டியூப் பற்றி நண்பர் ஒருவர் சொன்னார். ஃப்ராமாசாஃப்ட் என்ற பிரெஞ்சு லாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கிய கட்டற்ற மென்பொருள், 2018ல் முதல் முழுப் பதிப்பு வந்தது. அதற்கென்று ஒரே தளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் தன் சர்வரில் நிறுவலாம், ஒரு சர்வரில் இருக்கும் வீடியோவை இன்னொரு சர்வரிலிருந்தும் பார்க்கலாம். ஐரோப்பாவில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன சர்வரில் கணக்குக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது, எழுதியது மனிதர். அவர் கேட்டது ஒரே கேள்வி: படத்தில் இருப்பவர்களுக்கு இது பொதுவில் வரப்போவது தெரியுமா, முகம் தெரிந்தால் அவர்கள் வேலைக்கு ஆபத்து வருமா?

ஆறு வருடமாக வீடியோ போடுகிறேன், இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வொர்க் பர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. அவர் ரத்து செய்தால் பெரும்பாலும் ஊருக்குப் போக வேண்டியதுதான். இது எனக்குத் தெரியாததல்ல, ஆனாலும் நானாக யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு போய் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சரி என்றார்கள். மூவர், "முகம் வேண்டாம் அக்கா, குரல் இருக்கட்டும்" என்றார்கள். கேடன்லைவ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் உட்கார்ந்து மூன்று முகங்களையும் மங்கலாக்க நான்கு இரவு ஆயிற்று. இந்த முறை சத்தத்தோடு போட்டேன்.

இதுவரை 212 பேர் பார்த்திருக்கிறார்கள். பழைய சேனலில் இதெல்லாம் ஒரு மணி நேரக் கணக்கு. வருத்தம் உண்டுதான், திரும்பிப் போக மட்டும் மனசு வரவில்லை.

காக்கி புக்கிட்

அக்கா, நான் பியர்டியூப்பைச் சொந்தமாகவே நடத்துகிறேன். வாடகை சர்வர், மாதம் 18 வெள்ளி. வீடியோவை வெவ்வேறு தரத்துக்கு மாற்றும் வேலைதான் அதற்குப் பாரம். ஒரு மணி நேர நாடகப் பதிவை ஏற்றிவிட்டுத் தூங்கப் போனால் காலையில்தான் தயாராக இருக்கும். இடமும் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது.

ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிய வேண்டும். ஒரே வீடியோவைப் பல பேர் ஒரே நேரத்தில் பார்த்தால், பார்க்கிறவர்களின் கருவிகள் துண்டு துண்டாகத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். சர்வருக்குச் சுமை குறையும். ஏழைக்கு ஏற்ற ஏற்பாடு. ஆனால் அப்படிப் பகிரும்போது ஒருவருடைய ஐபி முகவரி, அதாவது அவருடைய இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண், மற்றவருக்குத் தெரியவரும். நாடகத்துக்குப் பரவாயில்லை. தொழிலாளர் விடுதியில் இருந்துகொண்டு சம்பளப் பாக்கி பற்றிய வீடியோவைப் பார்க்கிறவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பகிர்வை நிறுத்திவைக்க முடியும், நான் நிறுத்திவிட்டேன். உங்கள் சர்வர்க்காரரிடமும் கேட்டுப் பாருங்கள்.

பழைய கேசட்

நான் கேசட்டில் எடுத்து, சிடியில் எரித்து, கோப்பிக்கடையில் கைமாற்றிய காலத்து ஆள். 1999ல் சியாட்டில் உலக வர்த்தக அமைப்பு மாநாட்டின்போது தெருவில் இருந்தவர்களே செய்தி போட இண்டிமீடியா என்ற இணையதளத்தைத் தொடங்கினார்கள். யூடியூப் வந்தது 2005ல். அதாவது நம் வீடியோவை நாமே வைத்துக்கொள்வது புதுப் பைத்தியம் இல்லை, அதுதான் முதலில் வந்தது. நம் வட்டாரத்துக்கு, எங்கேஜ்மீடியா என்ற அமைப்பு தொடங்கிய சினெமாட்டா என்ற வீடியோத் தளம் இருக்கிறது. அதில் ஆசிய பசிபிக் வட்டாரத்துச் சமூக, சுற்றுச்சூழல் படங்கள்தான் இருக்கும். லாரிப் படத்தை அங்கேயும் கொடுங்கள். அதைத் தேடி வருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

எந்தத் தளம் என்பதைவிட எனக்குப் பெரிய கவலை மூலக் கோப்பு. 2017ல் சிரியா போரைப் பதிவு செய்த ஆயிரக்கணக்கான வீடியோக்களை யூடியூப்பின் தானியங்கி முறை தீவிரவாதம் என்று எண்ணி எடுத்துவிட்டது. போர்க்குற்றத்துக்குச் சாட்சியாக இருந்தவையும் அதில் உண்டு. சிலவற்றை மீட்டார்கள், அதற்கும், அந்தப் போரின் வீடியோக்களைச் சேகரித்துக் காக்கும் சிரியன் ஆர்க்கைவ் போன்ற குழுக்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. நான் எங்கள் குழுவின் மேடை நாடகங்களை இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் வைத்திருக்கிறேன். ஏற்றிய கோப்பை அப்படியே திரும்ப இறக்கிக்கொள்ளலாம். இருந்தாலும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்திருக்கிறேன். ஒன்று என் வீட்டு அலமாரியில், இன்னொன்று ஜூரோங்கில் மகள் வீட்டில்.

துவாஸ் காலை

அக்கா, அந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். தார்ப்பாய் சொன்னது நான்தான்.

எங்கள் ரூமில் 12 பேர். இணைப்பை அனுப்பினேன், பாதிப் பேர் தொடவே இல்லை. தெரியாத இணைப்பைத் தட்டினால் பேங்க் காசு போய்விடும் என்று பயம். போனில் நானே திறந்து காட்டினேன், அப்புறம் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் எங்கள் ரூமில் மூத்த அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் லாரியில் நான் பிடிக்க வேண்டிய முறை, அவர் பிடித்துக்கொண்டார்.

ஊருக்கும் அனுப்பினேன். எங்கள் அம்மா பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டார். முகம் தெரியாது, குரலும் அந்தப் பாட்டுச் சத்தத்தில் சரியாகப் புரியவில்லையாம். ஆனால் கட்டைவிரல் நகம் கறுத்திருக்கிறதே, அடிபட்டதை ஏன் சொல்லவில்லை என்று அழுதார். ஆறாவது நிமிடத்தில் என் கை பெரிதாக வருகிறது. அம்மாவுக்குத் தெரிந்தது சூப்பர்வைசருக்கும் தெரியும், அந்த நகத்துக்கு மருந்து போட்டதே அவர்தான். அந்த இடத்தை மட்டும் மாற்ற முடியுமா?

தேக்கா ஞாயிறு

தம்பி, இப்போதுதான் மாற்றினேன். கையும் மங்கலாகிவிட்டது. பியர்டியூப்பின் ஆறாம் பதிப்பிலிருந்து அதே முகவரியில் புதுக் கோப்பை வைக்கும் வசதி இருக்கிறது. சர்வர்க்காரர் எனக்காக அதைத் திறந்துவிட்டார். காக்கி புக்கிட் சொன்ன பகிர்வையும் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அம்மாவிடம் இருக்கும் இணைப்பே போதும், வேறு அனுப்ப வேண்டாம்.

நகம் இப்போது எப்படி இருக்கிறது?