பைத்தான்: ‘ஃபைனலி எப்போதும் ஓடும்’ என்பது சரியா?

அரைத்தூக்கம்:
நேற்று மணல்வீடு அவர்கள் புதியவர் ஒருவருக்கு, “கோப்பைத் திறந்தால் ட்ரை, ஃபைனலி போட்டுவிடுங்கள், ஃபைனலி எப்போதும் ஓடும், அதற்குப் பிறகு கவலையே வேண்டாம்” என்று அறிவுரை வழங்கியிருந்தார். ட்ரைக்குள் எழுதிய வேலை எப்படி முடிந்தாலும் கடைசியில் ஓட வேண்டிய சுத்தம் செய்யும் பகுதிதான் ஃபைனலி. அந்த ‘எப்போதும்’ என்ற சொல்லை நம்பி எழுதப்பட்ட ஒரு ஸ்கிரிப்டைத்தான் நான் என் வேலையோடு சேர்த்துப் பெற்றுக்கொண்டேன். அது இரவு 2 மணிக்கு ஒரு லாக் கோப்பை, அதாவது ‘ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று காட்டும் பூட்டுக் கோப்பை, உருவாக்கும், வேலையை முடிக்கும், ஃபைனலியில் அந்தக் கோப்பை அழிக்கும். ஓர் இரவு யாரோ அதற்கு கில் கட்டளை கொடுத்திருக்கிறார்கள். லாக் கோப்பு அப்படியே கிடக்க, அடுத்த மூன்று இரவுகளும் ஸ்கிரிப்ட், “ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறேன்” என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது. கன்ட்ரோல்-சி அழுத்தினால் வரும் சிக்இன்ட் சிக்னலைப் பைத்தான் எக்செப்ஷனாக, அதாவது நிரலுக்குள் எழும் பிழையாக, மாற்றிக்கொள்கிறது. கில் இயல்பாக அனுப்பும் சிக்டெர்ம் சிக்னலுக்கு அப்படி எந்த ஏற்பாட்டையும் அது தானாகச் செய்வதில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல், ப்ரோசஸை, அதாவது ஓடும் நிரலை, முடித்துவிடும். ஃபைனலியில் ஒரு வரிகூட ஓடாது.

மணல்வீடு:
என் பெயரைச் சொல்லித் திரி தொடங்கியதற்கு நன்றி. ட்ரைக்குள் ரிட்டர்ன் வந்தாலும், பிரேக் வந்தாலும், எக்செப்ஷன் எழுந்தாலும், ஏன், நிரலை முடிக்கும் சிஸ்.எக்சிட் அழைக்கப்பட்டாலும் ஃபைனலி ஓடும். நான் சொன்னது அதைத்தான். பைத்தானின் அதிகாரபூர்வப் பயிற்சிக் கையேடே, ஃபைனலி எந்த நிலையிலும் நிறைவேறும் என்றுதான் எழுதுகிறது. சிக்னல் இயங்குதளத்தின் விவகாரம், மொழியின் விவகாரம் அல்ல. முதல் வாரம் பைத்தான் படிப்பவரிடம், மின்சாரம் போனால் ஃபைனலி ஓடாது என்றும் நான் எச்சரித்திருக்க வேண்டுமா?

அரைத்தூக்கம்:
எப்போதும் என்றால் எப்போதும்தான், ஐயா. இயங்குதளத்தை விட்டுவிடுவோம், பின்னணியில் ஓடும் டேமன் த்ரெட் மொழிக்குள்ளேயே இருப்பதுதானே? முதன்மை த்ரெட் முடிந்து நிரல் மூடப்படும்போது டேமன் த்ரெட்டுகள் பாதியிலேயே நிறுத்தப்படும், அவற்றின் ஃபைனலிக்கு யாரும் காத்திருப்பதில்லை. ஓஎஸ் மாட்யூலில் அடிக்கோட்டுடன் தொடங்கும், நிரலை அந்த இடத்திலேயே முடிக்கும் எக்சிட்டை அழைத்தாலும் அதே கதைதான். நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் டாக்கரின் கன்டெய்னரில் உங்கள் நிரல் 1ஆம் எண் ப்ரோசஸாக ஓடினால் நிலைமை இன்னும் வேடிக்கையானது: சிக்னலைக் கையாளும் ஃபங்ஷனான ஹேண்ட்லர் இல்லாததால் சிக்டெர்மைக் கெர்னல் பொருட்படுத்தாது, டாக்கர் இயல்பாக 10 விநாடிகள் காத்திருக்கும், பிறகு தடுக்கவே முடியாத சிக்கில் சிக்னலை அனுப்பிக் கொன்றுவிடும். இவற்றில் எந்த இடத்தில் உங்கள் ‘எப்போதும்’ ஓடுகிறது?

பழையபேர்ல்:
ஒரு முதியவனின் குறுக்கீட்டைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேர்ல் மொழிக்கு ஃபைனலி வந்ததே 2022இல், 5.36 பதிப்பில்தான், அதுவும் சோதனை நிலையில். அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் நாங்கள் பிழையைப் பிடிக்க ஈவால், எழுப்ப டை என்று எழுதி, பொருளைச் சுட்டும் கடைசி ரெஃபரன்ஸ் மறைந்ததும் ஓடும் டெஸ்ட்ராயில் சுத்தம் செய்துகொண்டு நன்றாகவே வாழ்ந்தோம்.

கொல்லன்பட்டறை:
நன்றாக வாழ்ந்தீர்களா? டெஸ்ட்ராய்க்குள் இன்னொரு ஈவால் இருந்தால் வெளியே எழுந்த பிழைச் செய்தி காணாமற்போகும் குறை 2011இல் 5.14 வரும்வரை உங்களிடம் இருந்தது. அது கிடக்கட்டும், பைத்தானில் 2006இல் 2.5 பதிப்போடு, வேலை முடிந்ததும் கோப்பைத் தானே மூடிவிடும் வித் வந்துவிட்டது, கோப்புக்கு ஃபைனலியே தேவையில்லை என்பதை இருவருமே பேசவில்லை. ஃபைனலிக்குள் ரிட்டர்ன் எழுதினால் எழுந்த எக்செப்ஷன் சத்தமில்லாமல் விழுங்கப்படும் என்பதையும் அந்தப் புதியவரிடம் யாரும் சொல்லவில்லை. 3.14 பதிப்பு முதல் பைத்தானே அதற்கு எச்சரிக்கை தருகிறது.

மணல்வீடு:
வித் எழுதினால் சிக்டெர்ம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் காத்திருக்குமா, கொல்லன்பட்டறை? அரைத்தூக்கம் அவர்களின் அளவுகோலில் வித்தும் அதே குற்றவாளிதான். அவருக்கு என் மீது உள்ள கோபம் ஃபைனலியால் வந்ததல்ல. சென்ற ஆண்டு கோப்பை மூடும் க்ளோஸ் பற்றி நடந்த விவாதத்தில் வந்தது.

அரைத்தூக்கம்:
அதை நீங்களே நினைவூட்டியது நல்லதாயிற்று. ‘க்ளோஸ் எழுதத் தேவையில்லை, ரெஃபரன்ஸ் எண்ணிக்கை பூஜ்யமானதும் கோப்பு தானாக மூடிக்கொள்ளும்’ என்று சென்ற ஆண்டு எழுதியவர் நீங்கள். வழக்கமான பைத்தானான சிபைத்தானில் பெரும்பாலும் அப்படி நடக்கும். பைத்தானின் இன்னொரு வடிவமான பைபையில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கையே கிடையாது, குப்பை சேகரிப்பான் எப்போது வருகிறதோ அப்போதுதான் கோப்பு மூடும். அன்று ‘தானாக’, இன்று ‘எப்போதும்’. என் ஸ்கிரிப்டுக்கு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன்: சிக்டெர்முக்கு ஒரு ஹேண்ட்லர் எழுதி, அதற்குள் சிஸ்.எக்சிட்டை அழைத்தேன், லாக் கோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு எஃப்லாக் என்ற கோப்புப் பூட்டை வைத்தேன். ப்ரோசஸ் எப்படிச் செத்தாலும் அந்தப் பூட்டைக் கெர்னலே விடுவித்துவிடும். ஃபைனலி எப்போதும் ஓடுமென்றால் எனக்கு இந்த இரண்டும் எதற்கு?

மணல்வீடு:
சிஸ்.எக்சிட்டை அழைத்ததும் எது ஓடியது? ஃபைனலிதானே! உங்கள் தீர்வே என் கூற்றின் மீதுதான் நிற்கிறது.

பழையபேர்ல்:
5.14 பற்றிப் பேசியவர் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார் என்று எண்ணுகிறேன்.

கொல்லன்பட்டறை:
கல்லூரியில், ஐயா. உங்கள் ஸ்கிரிப்டுகளைத் திருத்துவதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

அரைத்தூக்கம்:
பேர்லை வேறு திரியில் அடக்கம் செய்யுங்கள். மணல்வீடு அவர்களே, ட்ரைக்குள் 60 விநாடி ஸ்லீப், ஃபைனலிக்குள் ஒரு பிரின்ட். இவ்வளவுதான் நிரல். ஓடவிட்டு, இன்னொரு டெர்மினலிலிருந்து அதன் எண்ணுக்கு கில் கொடுத்து, என்ன அச்சாகிறது என்று இங்கே ஒட்டுங்கள்.

மணல்வீடு:
செய்து பார்த்தேன். கன்ட்ரோல்-சி அழுத்தினேன், பிரின்ட் அழகாக அச்சானது.

அரைத்தூக்கம்:
நான் கில் என்று எழுதியிருந்தேன்.

மணல்வீடு:
நிரலை நிறுத்தச் சொன்னீர்கள், நிறுத்தினேன். எந்த நிலையிலும் ஓடும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

அரைத்தூக்கம்:
கில், ஐயா. கில்.