எக்கோடைப்: சூழல்வகையா, திணையினமா?

நண்பர்களே,

தேனீ வளர்ப்போருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். ‘எக்கோடைப்’பில் வந்து நிற்கிறேன். ஒரே துணையினத்துக்குள், ஓர் இடத்தின் பருவத்துக்கும் பூப்புக்கும் ஏற்பப் பரம்பரையாகவே அமைந்துவிட்ட தேனீக்களை அப்படிச் சொல்கிறார்கள். உதாரணம் பிரான்சின் லாந்த் பகுதி. அங்கே கோடைக் கடைசியில் ஹெதர் புதர் பூக்கும். அதை ஒட்டி ராணி மறுபடியும் முட்டையைக் கூட்டும், புழு அடை பெருகும். 1960களில் லூவோ என்ற ஆய்வாளர் இந்தக் கூட்டங்களைப் பாரிஸ் பக்கம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். புது இடத்திலும் அவை பழைய கணக்குப்படியே புழு வளர்த்தன. ஆக, பழக்கம் இல்லை, பிறப்போடு வந்தது. இப்போதைக்கு ‘சூழல்வகை’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?
– செ.

செ. அவர்களுக்கு,

சூழல்வகை என்றால் சூழலின் வகை என்றுதான் படிப்பார்கள். காடு ஒரு சூழல்வகை, வயல் ஒரு சூழல்வகை. ‘சூழலால் அமைந்த வகை, உருபும் பயனும் உடன்தொக்க தொகை’ என்று பெட்டிக்குப் பெட்டி போய் விளக்குவீர்களா? நிலமும் பொழுதும் முதற்பொருள் என்கிறது தொல்காப்பியம், உங்கள் லாந்த் தேனீயின் கதையே நிலமும் பொழுதும்தான். ‘திணையினம்’ என்று வையுங்கள். திண் என்ற வேரிலிருந்துதான் திணையும் திண்ணையும் திணிவும், எல்லாமே ஓரிடத்தில் ஊன்றி நிற்பவை.
– இரா.

ஐயா, திண்ணை இருக்கட்டும். ‘ஒரே துணையினத்தின் இரு திணையினங்கள்’ என்று அச்சில் வந்தால் என்ன ஆகும்? மெய்ப்பு பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் மறுவேலை. அப்புறம், லாந்த் என்ன திணை? ஒரு பக்கம் கடலோர மணல், உள்ளே போனால் பைன் காடு. நெய்தலா, முல்லையா?
– ம.

திணைமயக்கத்துக்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு, தம்பி.
– இரா.

வணக்கம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் தகவமைப்பை இசைவாக்கம் என்று படித்தவர்கள், அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். குளிரில் தேனீக்கள் திரண்டு கூட்டைச் சூடாக வைத்திருக்கின்றன, அது அந்த நேரத்துச் சமாளிப்பு. நீங்கள் தேடும் சொல்லில் மரபு தெரிய வேண்டும். கென்யாவில் மலைக்காட்டுத் தேனீ கருமையானது, சாதுவானது. கீழே புல்வெளித் தேனீ மஞ்சள், சீண்டினால் விடாது. 2017இல் மரபணுத்தொகுதியை ஒப்பிட்டபோது இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. பெரிய வேறுபாடு 7, 9ஆம் நிறமூர்த்தங்களில் தலைகீழாகத் திரும்பிக் கிடந்த இரண்டு துண்டுகளில் குவிந்திருந்தது. நிலத்தை மட்டும் சொல்லும் ‘திணை’ இதை எப்படிக் காட்டும்? ‘சூழல்மரபினம்’ என்பது என் பரிந்துரை.
– க.

நிறமூர்த்தம் என்றால் குரோமோசோம்தானே? இங்கே பலருக்குப் புரியாது. சூழல்மரபினமும் அப்படித்தான், முகமூடி மாட்டிக்கொண்டு கையில் அடையைத் தூக்கிப் பிடித்திருக்கிறவர் வாயில் நுழையாது. ‘ஊர்வகை’ போதாதா? ஐரோப்பாவில் சுமார் 600 கூட்டங்களை நாடு விட்டு நாடு வைத்துச் சோதித்ததில் உள்ளூர் ராணி உள்ளவை சராசரியாக 83 நாள் கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. வளர்ப்பவருக்கு வேண்டியது இந்தச் செய்திதான்.
– ம.

ஊர்வகை என்றால் மாம்பழம் மாதிரி இருக்கிறது. அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். சூழல்வகையே போகிறது, முதலில் வரும் இடத்தில் ‘ஓரிடத்துக்கு ஏற்ப மரபிலேயே மாறிய தேனீ வகை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன், க. சொன்ன மரபு அதில் வந்துவிடும். ம.வும் க.வும் தனிமடலில் சரி என்றுவிட்டார்கள்.
– செ.

எனக்கு உடன்பாடில்லை. நம் அடுக்குத்தேனீயிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் கறுத்தது ஒன்று, சமவெளியில் மஞ்சள் ஒன்று என்று இருக்கின்றன. உங்கள் கையேட்டில் அவற்றைக் காணோம். மறுபதிப்பில் அவை வரட்டும், குறிஞ்சித் தேனீ, மருதத் தேனீ என்று நானே எழுதித் தருகிறேன். சூழல்வகை என்று எழுதமாட்டேன்.
– இரா.