டோக்கன் தீர்ந்த பிறகு வரும் "அர்ஜென்ட்" போன்களை என்ன செய்வது?

கவுன்டர்_பொண்ணு:
கும்பகோணம் பக்கம் ஒரு குடும்ப டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் போடுகிறேன். மாலை 6 முதல் 9 வரை, 40 டோக்கன். டெங்கு சீசனில் 5 மணிக்கே தீர்ந்துவிடும், அப்புறம் வரும் ஒவ்வொரு போனும் "ரொம்ப அர்ஜென்ட்மா, டாக்டருக்கு என்னை நல்லாத் தெரியும்"தான். யாரையாவது உள்ளே விட்டால் வெகுநேரமாக உட்கார்ந்திருப்பவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள். டாக்டரோ "நீயே பாத்துக்கோம்மா" என்கிறார். நான் படித்தது பி.காம்.

ரிட்டயர்டு_சிஸ்டர்:
"அவசரமா?" என்று கேட்காதேம்மா, ஆமாம் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். வயது என்ன, என்ன செய்கிறது, எப்போதிலிருந்து, இதைக் கேள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் விழுந்துபோவது என்றால் டோக்கன் பேச்சே வேண்டாம், 108-க்குப் போன் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை, ஸ்கேன் பார்த்து, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். கிளினிக் பெஞ்சில் அந்த நேரம் போய்விடக் கூடாது. 3 மாதம் ஆகாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் லேசாக இருந்தாலும் உடனே டாக்டர் காதில் போட்டுவிடு. டெங்கு சீசனில் "காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா வயிறு வலிக்குது, வாந்தி நிக்கல" என்பவரைச் சாதாரணமாக நினைக்காதே, காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாளில்தான் ஆபத்தே.

சின்ன_ஊர்_டாக்டர்:
சிஸ்டர் சொன்னதை உங்கள் டாக்டர் தன் கைப்பட எழுதி கவுன்டரில் ஒட்ட வேண்டும், அது அவர் பொறுப்பு, உங்கள் தலையில் கட்டக் கூடாது. நான் தினமும் 5 டோக்கனை யாருக்கும் தராமல் வைத்திருப்பேன், 8 மணி வரை அவசரம் எதுவும் வராவிட்டால்தான் மற்றவர்களுக்கு. பி.பி. மாத்திரைச் சீட்டு, லீவு சர்டிபிகேட் எல்லாம் காலையில் மட்டும்.

டோக்கன்_37:
காத்திருக்கிறவன் சார்பில் ஒன்று சொல்கிறேன். மூச்சு வாங்கும் குழந்தையை முதலில் அனுப்பினால் யாரும் சண்டைக்கு வர மாட்டோம், "இவங்களை முதல்ல பாத்துடட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பக்கவாட்டுக் கதவு வழியாக வெள்ளை வேட்டியில் ஒருத்தர் சிரித்துக்கொண்டே உள்ளே போவார் பாருங்கள், அதுதான் வயிற்றெரிச்சல்.

கவுன்டர்_பொண்ணு:
நன்றி. லிஸ்ட் கேட்டேன், எழுதித் தருகிறேன் என்றார் டாக்டர். பக்கவாட்டுக் கதவைப் பற்றித்தான் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, அதில் வருவது அவர் மச்சான்.